நத்தையைக் கிழிப்பவர்

"நத்தையவா எடுத்துருக்கீங்க? வெக்கமா இல்ல? பஸ்ஸு காசு தண்டம்," என்றான் வெற்றிசெல்வன்.

திருக்கோகர்ணத்து மண்டபத்தில், செல்போனில் மிருகங்களை மோதவிடும் போட்டியின் இறுதி ஆட்டம். எதிராளி எடுக்கக் கூடாதென்று ஆளுக்கொரு மிருகத்தைத் தடை செய்யலாம். வெற்றிசெல்வன் டிராகனைத் தடை செய்திருந்தான். நத்தையை யாரும் தடை செய்வதில்லை. அதை எடுப்பவர்களையெல்லாம் மாவட்ட வாட்ஸ்அப் குழுவில் 'கறம்பக்குடி கருப்பு' என்ற, யாரும் நேரில் பார்த்திராத ஒருவர் இரண்டு வருடமாகக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரகதீஸ்வரி ஆட்டத்தைத் தொடங்கினாள். அவளுடைய நத்தை ஓட்டுக்குள் இருந்தபடியே, வாங்கிய அடியையெல்லாம் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தது. ஏழே நிமிடத்தில் வெற்றிசெல்வனின் கடைசி மிருகமும் விழுந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம். இருங்க, கருப்பு அண்ணன்கிட்டயே சொல்றேன். ஒங்கள நார் நாராக் கிழிப்பாரு."

அங்கேயே நின்று கருப்புக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான்.

பிரகதீஸ்வரியின் போன் ஒலித்தது. நிதானமாகப் படித்தாள். ஏதோ தட்டினாள்.

அவன் போனில் கருப்பின் பதில் வந்து விழுந்தது: "நத்தை குப்பைதான் தம்பி. அடுத்த வருசமும் டிராகனையே தடை பண்ணு."