தொரோத்தியாவின் கூடை

புனித தொரோத்தியாவின் படம் என்றால், அவள் மோட்சத்திலிருந்து அனுப்பிய மூன்று ரோஜாவும் மூன்று ஆப்பிளும் கூடையில் இருக்க வேண்டும். ஆண்ட்வெர்ப் நகரில் அதற்கு மேல் ஒன்று கூடினாலும் பாதிரியார் ஒப்பமாட்டார். யூஸ்ட் செப்புத் தகட்டில் அப்படியேதான் செதுக்கியிருந்தான். அவன் மனைவி லீஸ்பெத் மை தடவி முதல் தாளை அழுத்தி எடுத்தாள். ஓர் ஆப்பிள் கடிபட்டிருந்தது.

"என்னங்க இது, சாமி படத்துல எச்சில் பழம்?"

யூஸ்ட் தகட்டைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்தான். அதில் பழம் முழுசாக இருந்தது. மறுபடி அச்சிட்டார்கள். மறுபடியும் கடி. கடித்த தடத்தின் நடுவே ஒரு பல் அகலத்துக்குச் சதை மிச்சமிருந்தது.

லீஸ்பெத் உட்கார்ந்துவிட்டாள். கொள்ளைநோயில் போனபோது மகள் நேல்கேவுக்கு ஆறு வயது, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. மூன்று நாள் ஆப்பிள் கேட்டு அழுதாள். வைத்தியர் ஆகாது என்றதால் யூஸ்ட்தான் பழங்களைப் பரண்மேல் ஏற்றி வைத்தான்.

"கேட்டப்பவே குடுத்திருக்கலாங்க."

அவன் உளியை எடுத்து நான்காவது ஆப்பிளைச் செதுக்கத் தொடங்கினான்.

"பாதிரியார் ஏத்துக்க மாட்டாரே."

"அவருக்கில்ல."

அடுத்த தாளில் நான்காவது பழம் இல்லை. அதன் காம்பு மட்டும், நேல்கே எப்போதும் தின்றுவிட்டு வைப்பதுபோல, கூடையின் விளிம்பில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.