ரெண்டே முக்கால் சென்டிமீட்டர்

படுத்தெழுந்த லொரெய்னுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மருத்துவமனைச் சலவையறை ஒன்றில் நாளெல்லாம் ஈரத்துணி தூக்குகிறவள். கட்டில் மெத்தை வாங்கி ஆறே மாதம். அதற்குள் நடுவில் குழி. மாற்றித்தர மறுத்த கடை, நான்கு கடிதங்களுக்குப் பிறகு பரிசோதகர் கிளெக்கை அனுப்பியிருந்தது.

அவர் குனிந்து குழியின் ஆழத்தை அளந்தார். "ரெண்டே முக்கால் சென்டிமீட்டர்தாம்மா. மூணு இருந்தாத்தான் பழுது. மாத்த முடியாது."

"உங்க அளவுகோலாய்யா இதுல படுக்குது? என் முதுகு படுக்குது! ஒரு ராத்திரி படுத்துப் பாரு, தெரியும்."

"தெரியும்மா. என் வீட்லயும் இதே மெத்தைதான்." நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார் கிளெக்.

"அப்ப நீயும் புகார் குடுக்க வேண்டியதுதானய்யா?"

"குடுத்தேனே! பரிசோதிக்க என்னையே அனுப்பிட்டாங்க. அங்கயும் ரெண்டே முக்கால்தான். மாத்த முடியாதுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

லொரெய்ன் அவரைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். கடை இருவருக்கும் இன்னும் ஆளுக்கொரு மெத்தை பாக்கி வைத்திருந்தது.