ஐந்து மணிப் பயிற்சி

சரியாக ஐந்து மணிக்கு நிரஞ்சனா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டிஜிட்டல் பியானோவில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பியானோ வாசிக்கத் தொடங்கியது. அவள் ஜன்னல் வழியாக இறங்கினாள்.

அவளே அமைத்த இசைதான். அவளே வாசித்துப் பதிவு செய்ததுதான். முழுதாக ஒரு மணி நேரம். கேட்பவர் நம்ப வேண்டுமே என்று நடுநடுவே நாலைந்து பிழைகளையும் கவனமாகச் சேர்த்திருந்தாள்.

"இடக்கை பிந்துது பிள்ளை! திருப்பி வாசி!" ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பின்னாலேயே அவருடைய வழக்கமான இருமல்.

நிரஞ்சனா சிரித்துக்கொண்டே செம்பனை மரங்களுக்குள் மறைந்தாள்.

அப்பா மகாலிங்கம் கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் சிரம்பானில் சொந்த இசைக்கான போட்டி. பதிவு செய்தும் அனுப்பலாம், மேடையேறி நேரிலும் வாசிக்கலாம். பதிவையே அனுப்பிவிடலாம் என்று மகள் சொன்னதும் அவர் கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

"பதிஞ்சு போட்டு விடுறது சங்கீதமே? ஆள் இருந்து வாசிக்க வேணும்! தினமும் ஒரு மணித்தியாலம் வாசி. நான் ஹாலில இருந்து கேட்பன்."

"கேட்கிறதெண்டா கதிரையை விட்டு எழும்பக் கூடாது அப்பா. கடைப்பக்கம் போய் இனிப்புச் செண்டோல் குடிக்கிறதெல்லாம் இனி இல்லை. இரத்தத்தில சீனி பதினாலில நிக்குது."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஒரு மணி நேரமும் பழைய ரப்பர் கொட்டகைக்குப் பின்னால் சுகுமாறன் காத்திருப்பான். எண்ணெய் ஆலையில் மெக்கானிக். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தொழிலாளியின் பேரன். விஷயம் தெரிந்தால் அப்பா அவளை அடுத்த விமானத்திலேயே லண்டனிலுள்ள அக்காவிடம் ஏற்றி அனுப்பிவிடுவார்.

"இன்னும் எத்தன நாளைக்குலா அந்தப் பியானோவ விட்டுப் பொய் சொல்லப் போற?" என்றான் அன்று.

"போட்டி முடியட்டும். பரிசோட சேர்த்து உங்களைப் பற்றியும் சொல்லுறன்."

"நான் என்ன ஆறுதல் பரிசா?"

ஆறு மணிக்கு அவள் திரும்பியபோது வாசலில் போலீஸ் வண்டி நின்றது.

முற்றத்தில் சார்ஜன் தேவன். பக்கத்தில் கைவிலங்கோடு தங்கராஜு, அந்த வட்டாரத்துத் திருடன். அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்காகக் கட்டிய பியானோ. தோட்டத்துக் கேட்டின் இடுக்கில் மோட்டார் நுழைந்திருக்கிறது, பியானோ நுழையவில்லை. காவலுக்கிருந்த ஜாகா பிடித்துக் கொடுத்துவிட்டார்.

நிரஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் அருகே போய் நின்றாள். வாசித்துக்கொண்டிருந்தவளின் விரலுக்கடியிலிருந்து பியானோ எப்படிப் போனது என்று கேட்டால்?

"திருட்டு நடந்தப்ப வீட்டுல யாரு இருந்தா ஐயா?" என்று கேட்டார் சார்ஜன்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வீட்டிலதான் இருந்தனாங்கள். பிள்ளை அறைக்குள்ள வாசிச்சவ. நான் ஹாலில இருந்து கேட்டனான்."

"அப்புறம் எப்படிலா பியானோ வெளிய போச்சு?"

"வாசிச்சு முடிச்சிட்டு அவ பின்பக்கம் உடுப்பு எடுக்கப் போனவ. நான்... கொஞ்சம் கண்ணயர்ந்திட்டன்."

கொடியில் அன்று ஒரு கைக்குட்டைகூடக் காயப் போட்டிருக்கவில்லை. நிரஞ்சனாவின் கண்கள் நிறைந்தன. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் போலீசிடமே பொய் சொல்லி மகளின் மானத்தைக் காப்பாற்றுகிறார். இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்றினோம்? இன்றைக்கே சுகுமாறனைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"ஓம் சார்ஜன், அப்பா சொல்லுறது உண்மை" என்றாள் விம்மலோடு.

சார்ஜன் திருடன் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரு உள்ள இருக்கையில எப்படிடா துணிஞ்சு நுழைஞ்ச?"

தங்கராஜுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தொழில் தெரியாதவன் என்று யாரும் அவனை இதுவரை சொன்னதில்லை.

"ஒரு மாசமா இந்த வீட்டப் பாக்குறேன் சார். அஞ்சு மணிக்குப் பியானோ, கூடவே ஐயா சத்தம். ஆளு இருக்குன்னு பேசாமத் திரும்பிப் போயிருவேன். இன்னைக்கு அஞ்சரைக்குக் கரண்ட் போச்சு, பியானோ நின்னுச்சு. சரி, கரண்டுல ஓடுற சாமான், நிக்கும்லா..."

"அதுக்கு?"

"அதே செகண்டுல ஐயாவோட இருமலும் பாதியில நின்னுச்சே சார்!"