மூன்றாவது பிணம்

"தியேட்டர்ல ஒரே இருட்டுங்க. இந்த டிஸ்க்லயாவது பொணமெல்லாம் பளிச்சுனு தெரியுமா?"

வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் கேட்ட கேள்வியில் டிஸ்க் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகமூடிக் கொலைகாரன் படத்தின் இரண்டாம் பாகம் அன்று காலைதான் கடைக்கு வந்திருந்தது. கூட வந்த கணவர் நமட்டுச் சிரிப்போடு கதவருகே நின்றார்.

"ரத்தத்தைச் சொட்டுச் சொட்டா எண்ணலாம்மா" என்று கடைக்காரர் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார்.

"ரத்தம் யாருக்கு வேணும்? பிணவறை சீனுக்கு ஓட்டுங்க. ஆங், நிறுத்துங்க! அந்த மூணாவது பொணம்!"

அதன் மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் பதறிப்போய்த் துணியை வீசி விரட்டினார். ஈ அசையவில்லை.

"விரட்டாதீங்க, அது படத்துல இருக்கு!" என்று துள்ளிய அம்மாள், கணவர் பக்கம் திரும்பினார். "மூக்குல ஈ உட்கார்ந்தும் மூச்சு விடாம கிடந்தேன்னு சொன்னப்ப, கதை அளக்காதேன்னீங்களே! இப்ப சொல்லுங்க, எனக்கு நடிக்கத் தெரியுமா, தெரியாதா?"

கடைக்காரர் பிணத்தைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். அதே மூக்கு.

கணவரோ, அந்தப் பிணமே தோற்றுப்போகும்படி அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.