தூசி வந்த வழி

மெதுவாகத் தட்டினாள்.

விரித்திருந்த பழைய வேட்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் விழுந்தது.

"கிருஷ்ணகிரி," என்றான் செங்கோடன். "கல்லு ஒடைக்கற பக்கமா வந்தேன்."

இன்னொரு தட்டு. கறுப்பு.

"சந்திரபூர். பொழுதுக்கும் கரி லாரிக்குப் பின்னாலயே வந்தேன் அம்மிணி."

தனக்கொடியின் கை நின்றுவிட்டது.

மடியில் இருந்தது புருஷனுடைய லாரியின் ஏர் பில்டர். சின்னத் தவலை அளவுக்கு ஒரு உருளை. கம்பி வலைக்கு நடுவே மடிப்பு மடிப்பாகப் பருத்தித் துணி. இஞ்சினுக்குள் போகிற காற்றெல்லாம் இதில் புகுந்துதான் போகவேண்டும். அவன் போய்வந்த ஊரெல்லாம் அந்த மடிப்புகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன.

கடைசியாகக் கடந்த ஊர் மேலே. புறப்பட்ட ஊர் அடியில்.

அடேயப்பா!

திருச்செங்கோட்டை விட்டால் ஈரோடு, மிஞ்சிப்போனால் பழனி. அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான். இத்தனைக்கும் ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறாள். தறி ஓட்டிய கையால் லாரி ஓட்டிக் காட்டி வாங்கியது. "என்னையும் கூட்டிட்டுப் போங்க, மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உனக்கெதுக்கு இந்தத் தூசியும் வெயிலும்?" என்று முடித்துவிடுவான். லைசென்ஸ் பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு சுகமாகத் தூங்கியது.

பில்டரைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். கடைக்காரர் காகித பில்டரைத்தான் எடுத்து நீட்டினார். அழுக்கானால் எறிந்துவிட்டு வேறு போடவேண்டியது. கழுவிக் கழுவிப் போடுகிற பருத்தி பில்டர் ஒன்று அலமாரி மூலையில் கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நூல் நெருக்கம் பார்த்தாள். தறிக்காரியிடம் துணி விஷயத்தில் யாரும் கதைவிட முடியாது.

"இதையே குடுங்க," என்றாள்.

லாரிப்பேட்டை முழுக்கச் சிரிப்பு. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு இஞ்சினுக்குச் சேலை கட்டிவிட்டான் என்றார்கள். ஊர் வாயை யார் மூடுவது?

கிளம்பும்போது செங்கோடன் சொன்னான்.

"இந்தப் பில்டரத் தாண்டி இஞ்சின் குழாய்க்குள்ள ஒரு பொட்டுத் தூசி போயிருந்தாலும், அப்பறம் நீ லைசென்ஸ் பேச்சையே எடுக்கப்படாது."

"போகலீன்னா?"

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

இன்று காலையில்தான் திரும்பியிருக்கிறான். பில்டரைக் கழற்றியதும், குழாயின் வாயை ஈரத்துணியால் இறுகக் கட்டிவிட்டான். இன்னும் அவிழ்க்கவில்லை.

தட்டினாள். இந்த முறை வெளுத்த மஞ்சள். விரலால் தொட்டால் கடலை மாவு மாதிரி மெத்தென்று இருந்தது.

"ராஜஸ்தான்," என்றான். குரல் தணிந்திருந்தது.

தட்டித் தீர்ந்ததும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். பிறகு உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகமில்லாமல், தண்ணீர் விட்டாள். சிவப்பாக வழிந்தது. ஹூப்ளி மண். அதற்கும் அடியில், மடிப்பின் மூலையில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தாள்.

பஞ்சு.

அதற்கு மட்டும் அவன் ஊர் சொல்லவில்லை. அவர்கள் இருப்பதே தறிக்காரத் தெரு.

"இத்தனை ஊருக்கா போயிட்டு வந்தேன் நானு?"

கல்யாணத்துக்கு முன்னிருந்தே லாரி ஓட்டுகிறவன், வேட்டியைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தான்.

அவளோ ஈரத்துணி கட்டியிருந்த குழாயைப் பார்த்தாள். இவ்வளவும் வந்து மோதியிருக்கிறதே, கொஞ்சமாவது உள்ளே போகாமலா இருந்திருக்கும்? போயிருந்தால் இஞ்சினை அரித்துத் தின்றிருக்கும். பெரிய இவள் மாதிரி நூல் நெருக்கம் பார்த்தாளே! தன்மேலேயே கோபம் வந்தது.

நிழலில் காயவைத்தாள். சாயங்காலம் ஒவ்வொரு மடிப்பிலும், தூசியைப் பிடித்து நிறுத்துகிற சிவப்பு எண்ணெய் விட்டாள். அதிகமாகிவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும். எண்ணெய் தானாக ஊர்ந்து, நூல் நூலாகப் பரவி, துணி முழுக்கச் சிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாட்டுவதற்கு முன் செங்கோடன் ஈரத்துணியை அவிழ்த்தான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை விரலில் சுற்றிக் குழாய்க்குள் விட்டுத் துடைத்தான்.

எடுத்தான்.

வெள்ளை.

துண்டின் மறுமுனையைச் சுற்றிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டான். நன்றாக அழுத்தித் துடைத்தான்.

வெள்ளை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாடே வந்து மோதியிருக்கிறது. தடுத்தது வெறும் பருத்தி நூல். சாமி, இது எப்பேர்ப்பட்ட துணி!

செங்கோடன் பில்டரை மாட்டினான். கிளிப்பை இறுக்கினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் லோடு.

அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் பீரோவைத் திறந்து மூடி, பையோடு லாரிக்குப் பக்கத்தில் நின்றாள். கிளீனர் ஏறுகிற இடதுபக்கக் கதவு அது. வா என்று அவன் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லையே. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தாலே போதும், அந்த மஞ்சள் மண்ணை.

வந்தான். பையைப் பார்த்தான். வாங்கி உள்ளே வைத்தான்.

"கொஞ்சம் ஒதுங்கு அம்மிணி."

ஒதுங்கினாள்.

கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.