உப்பு போட்டாச்சு

முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது.

இன்னொரு துண்டு. அதிலும் உப்பில்லை.

அடுப்பிலிருந்து என் கணவர் அடுத்த தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். மாவைத் தொட்டதுமே உப்பு கூடவா குறைவா என்று சொல்லிவிடுகிற கை அவருடையது.

எங்கள் பேக்கரியில் ஒரு பழக்கம். அவரோ என் தம்பியோ, மாவில் யார் உப்பு போட்டாலும் 'உப்பு போட்டாச்சு' என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். மாவுக்குள் போனபின் கண்ணுக்குத் தெரியாதே.

சில மாதங்களாக உப்பு தப்பிக்கொண்டே இருந்தது. ஒருநாள் உப்பே இருக்காது, ஒருநாள் வாயில் வைக்க முடியாது. அவர் கையை யார் சந்தேகப்படுவார்கள்? பழி தம்பி தலையில் விழுந்தது.

போன வாரம் கடை நிறைய ஆள் இருக்கும்போதே அவனைக் கண்டபடி திட்டி, வேலையை விட்டுப் போகச் சொன்னார். நான் தடுத்தேனா? என் பங்குக்கு நானும் நாலு வார்த்தை விட்டேன். அவன் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனான்.

இன்று மாவு பிசைந்தது அவர் மட்டும்தான். 'உப்பு போட்டாச்சு' என்று அவர் தனக்குத் தானே சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மாவு மண்டிக்கு அவர் ஒரே காலையில் அதே ஆர்டரைச் சொல்ல மூன்று தடவை போன் செய்தபோது, மண்டிக்காரர் குரல் அவ்வளவு இனிக்குதா என்று கேட்டேன். தினமும் வருகிற வாடிக்கையாளரின் பெயர் வராமல் விழித்தபோது, வயசாகுது என்று கிண்டல் செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். பாவி, நானும் சிரித்தேனே.

இதற்குள் அவரும் ஒரு துண்டைப் பிய்த்து மென்றார். முகம் சிவந்தது. பிசைகிற அறை வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

"மச்சான், இன்னைக்கும் மறந்துட்டியா?"

உள்ளே யாரும் இல்லை. பதில் வரும் என்று அவர் காத்து நின்றார்.

பின்பக்கம் ஓடிப்போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை.

"மாமாவத் திட்டிடாதக்கா. மாவ அவருக்குத் தெரியாம நாக்குல வச்சுப் பாத்துக்கோ, ரெண்டு வருஷமா நான் அப்படித்தான் முடிஞ்சவரைக்கும் சமாளிச்சேன்."