கெட்ட பேர்

“பொட்டப்புள்ளைக்குப் படிச்சது போதும் டீச்சர். நிறுத்தியாச்சு.”

வாசலிலேயே நின்று சொன்னார் சந்தனசாமி. உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸும் நடையுமாக ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் வரை வந்திருந்த சொர்ணவல்லி டீச்சருக்குக் கோபம் பொங்கியது. சந்தனசாமியின் மகள் ஞானசெல்வி டீச்சர் டிரெயினிங் ஸ்கூலில் அவருடைய மாணவி. வகுப்பில் முதல். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தவள் திரும்பவில்லை. ஐம்பத்தேழாம் வருசம் அது. படித்த பெண்ணுக்கு உடனே வேலை.

“பரீட்சைக்கு இன்னும் ரெண்டே மாசந்தாங்க. பாஸ் பண்ணினா ஒங்க ஊருக்கே முதல் டீச்சர் அவதான்!”

“வேலை பாத்து யாருக்குக் கொட்டணும்? வீட்ல கஞ்சி காய்ச்சட்டும்.”

“அவளைக் கூப்பிடுங்க. அவ வாயால சொல்லட்டும்.”

“காட்டுக்குப் போயிருக்கா.”

சொல்லும்போதே கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டார்.

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

“பங்குச் சாமியாரே சொல்லிப் பாத்துட்டாரு டீச்சர். இந்த மனுசன் அசைய மாட்டேங்குறாரு” என்றாள் பக்கத்து வீட்டு ஜெபமாலையம்மாள்.

“நல்லாப் படிக்கிற புள்ளையை உசுரோட கொன்னுட்டீங்க!” என்று கத்திவிட்டுத் திரும்பினார் டீச்சர்.

சந்தனசாமி கதவை விட்டு நகரவில்லை. டீச்சர் தெருவைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் ஞானசெல்வி. அம்மா அந்தோணிமேரி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“படிச்சது ஒண்ணுமே நிக்கலயே, ஃபெயிலாயிருவேனே” என்று லீவு முழுக்கத் தூங்காமல் புலம்பியவள், ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டிய அன்று விடியலில் கேணியில் குதித்துவிட்டாள். பின்னாலேயே குதித்துத் தூக்கியவர் சந்தனசாமி. வேறு யாரும் பார்க்கவில்லை.

“பரீட்சை அடுத்த வருசமும் வரும். மொதல்ல மனசு ஆறட்டும்” என்று சொல்லியிருந்தார், யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போய்க் காட்டிய திருச்சி டாக்டர்.

“எனக்காக ஏம்ப்பா இம்புட்டுப் பேச்சு வாங்குறீங்க?”

கேணிக்குப் பிறகு அவள் வாய் திறந்தது இப்போதுதான். அந்தோணிமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சந்தனசாமி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னையக் கொடுமைக்காரன்னு ஊரு பேசிட்டுப் போகட்டும் ஆத்தா. ஒன்னையப் பைத்தியம்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாது.”